விரும்பிக் கேட்டவர்கள் பத்தொன்பது பேர்

கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், பாடிக்கொண்டிருந்த அக்கா மைக்கை வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "பண்டமாரான் கமலா யாராச்சும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். பண்டமாரான் பக்கத்து ஊர்தான். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பின் மேசையிலிருந்து ஒருவர், "கமலா வீட்டுல தூங்குது லா" என்று சத்தமாகச் சொல்ல, மண்டபமே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் அவர் கண்கள் மேசை மேசையாகத் தேடிக்கொண்டுதான் இருந்தன. நான் மூன்றாவது மேசையில் உட்கார்ந்து, தட்டில் கிடந்த கோழி எலும்பை ஓர் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. பண்டமாரான் கமலா நான்தான்.

கமலா என்பது என் பெயர் அல்ல. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு, சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தேன். பெண்கள் ஆறு பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு. சமையலறையில் கேசட்டும் போடக்கூடிய ஒரு வானொலிப் பெட்டி. சம்பளம் வாங்கிய ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குப் போய், கேசட் கடையில் அட்டைப்படத்தைப் பார்த்து அந்த அக்காவின் கேசட்டை வாங்கி வந்தேன். பாடியவர் இங்கே மலேசியாவில் உள்ளவர், ஏதோ அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர் என்று கடைக்காரர் சொன்னார். போட்டுக் கேட்டதும் கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "பொம்பள பாடுதா, ஆம்பள பாடுதா?" என்றாள் ஒருத்தி. கனத்த குரல். மேலே ஏறும்போது மற்றவர்களைப் போல மெலியாமல், படியேறும் ஆள் மூச்சு வாங்குவதுபோல ஓர் இடத்தில் நின்று, பிறகு ஏறும். அந்த நிற்கும் இடத்துக்காகவே நான் நாடாவைப் பின்னால் ஓட்டி ஓட்டிக் கேட்டேன். வீட்டிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, பேசு பேசு என்று என்னைச் சொல்லாதவர்கள் இல்லை. அந்தக் குரல் நான் பேசாமலிருப்பதற்குத் துணையாக இருந்தது.

வானொலியில் நேயர் விருப்ப நிகழ்ச்சி ஒன்று வரும். அஞ்சலட்டையில் பாட்டின் பெயரையும் நம் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்ப வேண்டும். ஒரே பாட்டை நாலைந்து பேர் கேட்டிருந்தால் அறிவிப்பாளர் வரிசையாகப் பெயர்களைப் படித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். அக்காவின் பாட்டு ஒருமுறையாவது வானொலியில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் என் பெயரை நாடு முழுவதும் கேட்கப் படிப்பார்கள் என்று நினைத்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்தார். அவரும் கூட்டாளிகளும் அந்த நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பார்கள். அதனால் எங்கள் ஊர் பண்டமாரானைப் போட்டு, பெயரை மட்டும் கமலா என்று எழுதினேன். பாட்டு வரவில்லை. ஒருத்தி மட்டும் கேட்டால் எப்படி வரும் என்று தோன்றியது. அடுத்த வாரம் கமலாவோடு சுங்கை வே ராணி, பத்துமலை தங்கம், பந்திங் பெரியசாமி ஆகியோரும் எழுதினார்கள். பாட்டு வந்தது. சமையலறையில் கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. நீல மை, கறுப்பு மை, இடது கை எழுத்து. பத்துமலைக்குப் போகும் தோழியிடம் கொடுத்து அங்கே பெட்டியில் போடச் சொல்வேன், முத்திரை அந்த ஊருடையதாக இருக்கட்டும் என்று. உறைக்குள் இருந்த அட்டைகளைப் படித்துப் பார்க்காமலே அவள், "யாருக்கு லா இவ்வளவு லெட்டரு? மாப்பிள்ளை பாக்குறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது சுலபமாக இருந்தது.

இப்படி ஒன்றரை வருடம் போயிருக்கும். மொத்தம் பத்தொன்பது பேர் ஆனார்கள். அந்தக் கல்யாண மண்டபத்தில் அக்கா கமலாவைத் தேடியது அந்தக் காலத்தில்தான். நான் எழுந்து நின்றிருக்கலாம். எழுந்திருந்தால் பண்டமாரான்காரர்கள் என் அப்பாவின் பெயரைச் சொல்லி, இவள் எப்போது கமலா ஆனாள் என்று கேட்டிருப்பார்கள். அந்த வெட்கம் ஒன்றுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இருந்ததாக இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பிரிக்பீல்ட்ஸ் கேசட் கடையில் ஒரு செய்தி சொன்னார்கள். அக்கா டெலிபோன் வேலையை விட்டுவிட்டார், இரண்டாவது கேசட்டுக்குப் பத்துப் பாட்டுகள் பதிவாகின்றன, தீபாவளிக்கு வந்துவிடும். தீபாவளி வந்தது. கேசட் வரவில்லை. தைப்பூசத்துக்கு என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு என்றார்கள். பிறகு கேட்டால், "அது வராதும்மா" என்று மட்டும் சொன்னார்கள். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது ஒரு கேசட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அக்கா மேடைகளிலும் பாடாமல் போனார். வேறு பாடகி வந்தார். வானொலிக்கு எழுதுவதை நானும் நிறுத்திவிட்டேன்.

அந்தப் பத்துப் பாட்டுகள் என்னைப் பிடித்துக்கொண்டது அதன் பிறகுதான். வந்த கேசட்டை மனப்பாடமாகத் தெரியும். வராத கேசட்டுக்கு எல்லை இல்லை. வேலைக்குப் போகும் பேருந்தில், கன்வேயர் முன்னால் நிற்கும்போது, அந்தப் பாட்டுகள் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். ஒரு திருமணத்தில், பழைய கச்சேரிக் குழுவில் தபேலா வாசித்த அண்ணனைப் பார்த்தேன். வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் நானாகப் போய்ப் பேசியது அந்த ஒரு முறைதான். அவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "ஆறாவது பாட்டுல எங்களுக்கு வேலையே இல்ல. எல்லாரும் வெளிய போயி தே தாரேக் குடிச்சோம். அக்கா மட்டும் தனியாப் பாடுனாங்க." வாத்தியமே இல்லாத அந்த ஆறாவது பாட்டை எனக்குள் எத்தனை விதமாகக் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்தேன். இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். கேசட் போய் சிடி வந்து அதுவும் போனது. ஆறாவது பாட்டு மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் ரவிக்கை தைக்கும் கடை நடத்துவது அந்த அக்காதான் என்று தெரிந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனேன். முடி பாதி நரைத்திருந்தது. கழுத்தில் இஞ்ச் டேப். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். இருபது வருடம் யாரைக் கேட்டுக்கொண்டிருந்தேனோ அவர் என் தோளை அளந்து, "உடம்ப விறைக்காதம்மா, அளவு தப்பிடும்" என்றார். அளவைத் தாளில் குறித்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒரு ரவிக்கை என்று தைக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். நாட்டின் எந்த மூலைக்கும் போய் வருபவர். "கிள்ளான்ல தையக்காரங்க எல்லாம் செத்தா போயிட்டாங்க? கொமுட்டர் ரயிலு ஏறிப் போயி பிளவுஸ் தைக்கிற ஒரே ஆளு நீதான்" என்பார். அலமாரியில் போடாத ரவிக்கைகள் சேர்ந்தன. ஆறு வருடம் இப்படியே போனது. சில நாள் அக்கா துணி வெட்டும்போது ஏதோ முனகுவார். முதல் கேசட்டில் உள்ள பாட்டா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இருக்காது.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. கடையில் வேறு யாரும் இல்லை. காத்திருந்தபோது என்னை அறியாமல் முதல் கேசட்டின் ஒரு பாட்டை மெல்ல முனகிவிட்டேன். மிஷின் நின்றது. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கேசட் வைத்திருக்கிறேன் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கடைக்கு வந்து அதப் பாடுன மொத ஆளு நீதான்" என்றார். பிறகு அவராகவே பேசினார். பதிவெல்லாம் முடிந்த பிறகு கேசட் கம்பெனிக்காரர் ஊர் ஊராகக் கடைகளில் விசாரித்திருக்கிறார். கிள்ளானிலும் பந்திங்கிலும், அப்படி யாரும் வந்து கேட்பதில்லையே என்று கைவிரித்துவிட்டார்கள். அவர் அந்தப் பதிவைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். அக்காவிடம் ஒத்திகைப் பிரதி ஒன்று மட்டும் தங்கியது. "ரேடியோவுல வாராவாரம் அவ்வளவு பேரு கேட்டாங்க. அவங்கெல்லாம் எங்க போனாங்கன்னு இன்னிவரைக்கும் புரியல" என்றார். குரலில் கோபம் இல்லை. பலமுறை யோசித்து ஓய்ந்துபோன விஷயத்தைச் சொல்லும் குரல்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். வானொலியில் பெயர் படிக்கும்போதெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாவது கேசட்டின் அட்டைக்குப் பின்னால் அந்தப் பெயர்களை அச்சடித்து நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர் திட்டம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பண்டமாரான் கமலா. பந்திங் பெரியசாமி. பத்துமலை தங்கம். சுங்கை வே ராணி என்று படித்தபோது என் வாய் தானாக, "அம்மாவும் ரெண்டு தம்பியும்" என்றது. ராணி தனியாகக் கேட்கிறாள் என்று இருக்க வேண்டாமே என்று ஒரே ஒரு அட்டையில் நான் சேர்த்து எழுதியது அது. அக்கா நோட்டைப் பார்த்தார். அதிலும் பக்கத்தில் சின்ன எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

"அக்கா, எல்லாம் நான்தான்" என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."

அவர் விரலை வரிசையில் கீழே இறக்கி ஓர் இடத்தில் நிறுத்தினார். "கோலசிலாங்கூர் ஜோசப்பு?"

"அதுவும்."

"அது ஆம்பள லா."

"இடது கையால எழுதுனேன்க்கா."

சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்பு, உடனே நின்றுவிட்டது. கல்யாண மண்டபத்தில் கூப்பிட்டபோது எங்கே இருந்தாய் என்று கேட்டார். மூன்றாவது மேசை என்றேன். வெளியே மழை விட்டிருந்தது. நான் எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவர் நோட்டை மூடி, அதன் அட்டையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "இந்த நோட்டக் காட்டித்தான் எங்கம்மாகிட்ட வேலைய விடுறேன்னு சொன்னேன்" என்றார். "அம்மா, பாருங்க, ஊருக்கு ஒருத்தர் இருக்காங்கன்னு சொன்னேன்." மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைக் கூட நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையையும் அவர்மேல் வைக்க வேண்டாம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா உள்ளே போய் ஒரு கேசட்டும், டேப் ரெக்கார்டர் ஒன்றும் எடுத்து வந்தார். மேசையில் இருந்த துணிகளை ஒதுக்கி வைத்தார். "உட்காரு. வேற யாரும் கேட்கல. உனக்காகத்தான் பாடியிருக்கேன் போல. கேட்டுட்டுப் போ" என்றார். பொத்தானை அழுத்திவிட்டு மிஷினுக்குத் திரும்பிப்போய், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்.

இருபத்தைந்து வருடமாக நான் காத்திருந்த பத்துப் பாட்டுகளை அப்படித்தான் கேட்டேன். தையல் மிஷினின் சத்தம் அவற்றின்மேல் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் பாட்டுக்கு முன்னால் யாரோ மேசையில் தட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். மூன்றாவது பாட்டில் அக்கா ஒரு வரியைத் தவறவிட்டு, "சாரி மாஸ்டர்" என்று சொல்லி மறுபடி தொடங்குகிறார். முப்பது வயதுக் குரல். வேலையை விட்டு வந்தவளின் துணிச்சல் அதில் இருந்தது. நாடு முழுவதும் ஆள் இருக்கிறது என்று நம்பிப் பாடிய குரல். நிற்கும் இடங்களில் நிற்கவே இல்லை, நேராக ஏறிப்போனது. நான் உருகிக் கேட்ட அந்த மூச்சு வாங்கும் இடம் இந்தப் பாட்டுகளில் இல்லை. நன்றாக இருந்தனவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு பாட்டிலும் அந்த நம்பிக்கை மட்டும்தான் எனக்குக் கேட்டது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆறாவது பாட்டு வந்தபோது மிஷின் நின்றது. அக்கா திரும்பவில்லை. காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு, கையில் துணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வாத்தியம் இல்லாமல் அந்தக் குரல் மட்டும். முடிந்ததும் மிஷின் மறுபடி ஓடியது.

பத்தும் முடிந்து பொத்தான் டக்கென்று எழுந்தது. எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. அடுத்த வாரம் ரவிக்கையை வாங்கிக்கொள் என்றார். போய் வாங்கினேன். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அளவு எப்போதும்போலச் சரியாக இருந்தது. அதன் பிறகு எனக்குத் துணி எடுத்துக்கொண்டு போக முகம் இல்லை. பிறகு ஊரடங்கு வந்தது. வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்து லோரியை விட்டார். நான் பண்டமாரானில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனேன். நாட்கள் போயின.

போன வருடம் கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் முதல் கேசட் அட்டைப்படம் திடீரென்று வந்து நின்றது. பழைய மலேசியத் தமிழ்ப் பாட்டுகளைத் தேடித் திரட்டும் யாரோ போட்டிருக்கிறார்கள். இவருடைய இரண்டாவது கேசட் பதிவாகி வெளிவராமலே போனதாம், யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். கீழே கருத்துகள் போய்க்கொண்டே இருந்தன. அப்பாவின் லோரியில் இந்தக் கேசட் ஓடும் என்று ஒருவர். அம்மா இதைப் பாடித்தான் எங்களைத் தூங்க வைப்பார் என்று இன்னொருவர். சிரம்பானிலிருந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து, ஜொகூரிலிருந்து. வானொலியில் அடிக்கடி வருமே, அப்படித்தான் எங்களுக்கு இந்தக் குரல் பழக்கம் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் எழுதிய அட்டைகளால் வந்த பாட்டுகளைக் கேட்டு, எனக்குத் தெரியாமலே உண்மையான ஆட்கள் எங்கெங்கோ உண்டாகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அஞ்சலட்டை எழுதும் பழக்கம் இருந்திருக்காது. சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். கடை அங்கேயேதான் இருந்தது. அக்கா முழுக்க நரைத்திருந்தார். கை விரல்கள் வீங்கியிருந்தன. தையல் வேலை குறைந்துவிட்டது, ஓரம் மடிப்பது, பட்டன் வைப்பது மட்டும்தான் இப்போது என்றார். என்னைப் பார்த்ததில் வியப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. நான் போனைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதா, கெட்டுப்போவதற்கு முன்னால் யாரிடமாவது கொடுக்கலாமா, கேட்பதற்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். விரலால் மெல்லத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு பெயரையும் ஊரையும், நோட்டைப் படித்ததுபோலவே உதட்டை அசைத்துப் படித்தார். ரொம்ப நேரமாயிற்று. பிறகு போனை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்:

"இதுல எத்தன பேரு நீ?"

"ஒண்ணுகூட இல்லக்கா."

"சரி லா" என்றார். ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார். கண் தெரியாமல் நூல் தப்பியது. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டார். கேசட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது கேசட்டை யாராவது கேட்டிருக்கிறீர்களா என்று அந்தப் பக்கத்தில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருவராவது புதிதாக வந்து எழுதுகிறார். கேட்டவள் நான் ஒருத்திதான். ஆறாவது பாட்டில் வாத்தியம் இல்லை என்று ஒரு வரி எழுதலாம். பலமுறை விரல் அதுவரைக்கும் போயிருக்கிறது. எழுதினால் அந்த வரிசையில் ஒரு பெயர் என்னுடையதாகிவிடும். இதில் நான் ஒருத்திகூட இல்லை என்று அக்காவிடம் சொன்னதும் பொய்யாகிவிடும். அதனால் அங்கே நான் எதையும் எழுதவில்லை. படித்துவிட்டு, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெட்டி கட்டப் போகிறேன்.